ஒரே மட்ஆர்சி, இரண்டு கணக்குகள்: தவறான முகவரியில் போகும் கடிதங்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

வீட்டு அஞ்சல்பெட்டிக்கு வந்த கடிதத்துக்கு எழுதிய பதில் அலுவலக முகவரியிலிருந்து போகிறது. எப்போதும் அல்ல, சில நேரம் மட்டும். டெர்மினலில் ஓடும் மின்னஞ்சல் செயலியான மட்டை மூடித் திறந்தால் சரியாகிவிடுகிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடி தொடங்குகிறது. டெர்மினலில் மின்னஞ்சல் பார்ப்பவர்களில் இரண்டு கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை புதிதல்ல. அப்படிப்பட்ட அமைவுக் கோப்பு ஒன்றை இங்கே பிரித்துப் பார்க்கிறோம்: கோளாறு எங்கே இருந்தது, முதலில் செய்த திருத்தம் ஏன் பலிக்கவில்லை, கடைசியில் கோப்பு என்ன வடிவத்துக்கு வந்தது.

சூழல் இதுதான். லினக்ஸில் மட் 2.2. இரண்டு இமேப் (சர்வரில் உள்ள கடிதங்களைப் படிக்கும் நெறிமுறை) கணக்குகள், இரண்டும் 993 போர்ட்டில். அனுப்புவது மட்டுக்குள்ளேயே இருக்கும் எஸ்எம்டிபி (கடிதம் அனுப்பும் நெறிமுறை) வழியாக, 465 போர்ட்டில். வீட்டு அமைவுகளும் அலுவலக அமைவுகளும் மட்ஆர்சி என்ற ஒரே அமைவுக் கோப்பில். கட்டளைகளையும் மாறிகளையும் இங்கே ஒலிப்படி எழுதுகிறோம். கோப்பில் ஆங்கிலச் சிறிய எழுத்தில், அடிக்கோடு உள்ள இடத்தில் அடிக்கோடும் கோடு உள்ள இடத்தில் கோடும் போட்டு எழுத வேண்டும்.

பிரச்சினைக்குரிய வரிகள் மட்டும்:

செட் ஃப்ரம்='நான்@வீடு.எக்சாம்பிள்'
செட் ரெக்கார்ட்='=அனுப்பியவை'
செட் ஃபோல்டர்='இமேப்ஸ்://இமேப்.வீடு.எக்சாம்பிள்/'
செட் ஸ்பூல்ஃபைல்='=இன்பாக்ஸ்'
ஃபோல்டர்-ஹூக் ஆபீஸ் 'மை_எச்டிஆர் ஃப்ரம்: நான்@ஆபீஸ்.எக்சாம்பிள்'
ஃபோல்டர்-ஹூக் ஆபீஸ் 'செட் ஃபோல்டர்=இமேப்ஸ்://இமேப்.ஆபீஸ்.எக்சாம்பிள்/'

ஆறே வரிதான். இதற்குள் நான்கு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. நான்குக்கும் வேர் ஒன்று: இந்தக் கோப்பைப் பெயரும் மதிப்பும் கொண்ட அட்டவணையாக நினைத்து எழுதியிருக்கிறார்கள். மட் அதை அப்படிப் படிப்பதில்லை. மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியையும் கட்டளையாக ஓட்டுகிறது. ஹூக் வரிகளை (ஒரு பெட்டியைத் திறப்பது போன்ற நிகழ்வு நேரும்போது ஓட வேண்டியவை) மட்டும் பிறகு ஓட்டுவதற்காக எடுத்து வைத்துக்கொள்கிறது. ஒருமுறை ஓடிய கட்டளையைத் தானாக ஒருபோதும் திரும்பப் பெறுவதில்லை.

திரும்ப வராத முகவரி

அலுவலகப் பெட்டியைத் திறந்தால் அலுவலக ஹூக் ஓடும். அங்கிருந்து வீட்டுப் பெட்டிக்குத் திரும்பினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. அந்த ஹூக் செய்த மாற்றம் அப்படியே நிற்கும். பெட்டி மாறும்போது பழைய மதிப்பு மீளாது என்று மட்டின் கையேடே எச்சரிக்கிறது. 'வேறுவிதமாகச் சொல்லாதவரை எல்லாப் பெட்டிக்கும்' என்று பொருள்படும்படி ஒற்றைப் புள்ளியை வடிவமாகக் கொண்ட பொது ஹூக் ஒன்றை முதலில் எழுதவும் சொல்கிறது. ஹூக்குகள் கோப்பில் எழுதிய வரிசையிலேயே ஓடுவதால் பொதுவானது மேலே, குறிப்பானது கீழே இருக்க வேண்டும்.

அதன்படி முதல் திருத்தமாக, அலுவலக ஹூக்குகளுக்கு மேலே இந்த வரி சேர்க்கப்பட்டது:

ஃபோல்டர்-ஹூக் . 'செட் ஃப்ரம்=நான்@வீடு.எக்சாம்பிள்'

பலன் இல்லை. அலுவலகப் பெட்டிக்குப் போய்த் திரும்பிய பிறகு முக்காற்புள்ளியை அழுத்தி, 'செட் ?ஃப்ரம்' என்று கேட்டால் வீட்டு முகவரிதான் வருகிறது. பதில் எழுதத் தொடங்கினால் அனுப்பும் திரையில் ஃப்ரம் வரியில் அலுவலக முகவரி! மாறி ஒன்று சொல்கிறது, கடிதம் வேறொன்று சொல்கிறது.

இந்த முரண்பாடுதான் துப்பு. ஃப்ரம் முகவரியைத் தீர்மானிக்க மட்டிடம் மூன்று வழிகள் உண்டு. அடித்தட்டில் இருப்பது ஃப்ரம் மாறி. அதுவும் யூஸ்_ஃப்ரம் இயங்கு நிலையில் இருந்தால்தான். அதற்கு மேல் ரிவர்ஸ்_நேம்: வந்த கடிதம் எந்த முகவரிக்கு வந்ததோ அதே முகவரியிலிருந்து பதில் போகச் செய்வது. எல்லாவற்றுக்கும் மேல் மை_எச்டிஆர். கடிதத் தலைப்பில் ஒரு வரியை நேரடியாகத் திணிப்பது அது. மற்ற இரண்டும் என்ன முடிவு செய்திருந்தாலும் கடைசிச் சொல் அதனுடையது. அலுவலக ஹூக் மை_எச்டிஆர் போட்டுவிட்டுப் போய்விட்டது. பொது ஹூக் அடித்தட்டில் நின்று ஃப்ரம் மாறியை எத்தனை முறை மாற்றினாலும் மேல்தட்டு அசையாது. அதை நீக்க 'அன்மை_எச்டிஆர் ஃப்ரம்' என்று தனியாகச் சொல்லியாக வேண்டும்.

பொது ஹூக்கில் அந்தக் கட்டளையைச் சேர்த்தால் இந்தப் பிழை தீரும். ஆனால் அதைவிட நல்ல வழி, ஃப்ரம் முகவரிக்கு மை_எச்டிஆரைப் பயன்படுத்தாமலே இருப்பது. பழைய மாதிரிக் கோப்புகளிலிருந்து நகலெடுத்துப் போடும்போது அந்த வரியும் கூடவே வந்து ஒட்டிக்கொள்கிறது. இரண்டு கணக்கிலும் ஃப்ரம் மாறியையே வைத்தால் ஒன்றின் மேல் மற்றது எழுதிக்கொள்ளும். நீக்கும் வேலையே கிடையாது. மை_எச்டிஆரை வேறு தலைப்புகளுக்கு விட்டுவிடலாம்.

ரிவர்ஸ்_நேம் பயனுள்ளதுதான், ஆனால் ஆல்டர்னேட்ஸ் கட்டளையில் உங்கள் முகவரிகள் எல்லாம் பட்டியலிடப்பட்டிருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத முகவரியை மட் உங்களுடையதாக ஏற்காது. இயல்பு முகவரிக்கே போய்விடும். மாற்றுப்பெயர் முகவரிகள் பல வைத்திருப்பவர்கள் இதை இயக்கினால் பெட்டி எதுவாக இருந்தாலும் பதில் சரியான முகவரியில் போகும். புதிதாக எழுதும் கடிதத்துக்கு இது உதவாது. அங்கே ஃபோல்டர்-ஹூக்தான் கதி.

சரியான திருத்தம், தவறான சோதனை

மை_எச்டிஆரை எடுத்துவிட்டு இரண்டு ஹூக்கிலும் ஃப்ரம் மாறியே இருக்கும்படி மாற்றினார்கள். மட்டை மூடாமல், உள்ளிருந்தபடியே சோர்ஸ் கட்டளையால் கோப்பை மறுபடி படிக்க வைத்தார்கள். இப்போது கோளாறு தலைகீழானது: அலுவலகப் பெட்டியிலிருந்தும் வீட்டு முகவரியில் கடிதம் போகப் பார்க்கிறது. சில கடிதங்களில் பழைய மை_எச்டிஆரும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

கோப்பில் பிழை இல்லை. சோதித்த முறையில்தான் பிழை. சோர்ஸ் என்பது கோப்பின் வரிகளை இருக்கும் நிலையின் மேல் மறுபடி ஓட்டுவது. முன்பு ஏற்றிய எதையும் அழிக்காது. ஹூக்குகளில் இது மோசமாக வெளிப்படும். ஏற்கெனவே உள்ள அதே வடிவமும் அதே கட்டளையும் கொண்ட ஹூக் மறுபடி வந்தால் மட் அதைக் கண்டுகொள்ளாது. ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அது புது ஹூக். பட்டியலின் கடைசியில் போய்ச் சேரும், பழையதும் தன் இடத்திலேயே இருக்கும். ஆக, கோப்பில் முதலில் நிற்கும் பொது ஹூக்கின் கட்டளையைத் திருத்திவிட்டு மறுபடி படிக்க வைத்தால், நினைவகத்தில் அது குறிப்பான ஹூக்குகளுக்குக் கீழே போய்விடும். கடைசியில் ஓடுவதே நிலைக்கும் என்பதால் பொது ஹூக் எல்லாவற்றையும் அடித்துப் போடும்.

இதற்கு இரண்டு தீர்வுகள். ஹூக் தொடர்பான எந்த மாற்றத்தையும் மட்டை முழுதாக மூடித் திறந்தே சோதிக்க வேண்டும். அல்லது கோப்பின் தலைப்பகுதியில், எந்த ஹூக்கும் வருவதற்கு முன், 'அன்ஹூக் *' என்று ஒரு வரி எழுத வேண்டும். மறுபடி படிக்கும்போது பழையவை எல்லாம் கழுவப்பட்டுப் புதியவை கோப்பின் வரிசையில் ஏறும். இந்த வரி முதன்மைக் கோப்பில் மட்டுமே இருக்கலாம். ஹூக் வழியாகப் படிக்கப்படும் கணக்குக் கோப்புக்குள் வைக்கக் கூடாது: ஒரு ஹூக் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதே வகை ஹூக்குகளை அழிக்க மட் அனுமதிக்காது.

நிறைய திருத்திப் பார்க்க வேண்டியிருந்தால், கோப்பின் நகலை எடுத்து, பெரிய எஃப் விருப்பத்தோடு அந்த நகலைக் கொடுத்துத் தனியாக ஒரு மட்டைத் திறக்கலாம். கூடவே சிறிய என் கொடுத்தால் கணினி முழுதுக்குமான பொது அமைவுக் கோப்பும் விலகிக்கொள்ளும். பெரிய ஆர் கொடுத்தால் பெட்டிகள் படிக்க மட்டும் திறக்கும். சோதனையில் எதுவும் அழியாது.

சமக்குறி எப்போது விரிகிறது

இரண்டாவது கோளாறு அனுப்பிய கடிதங்களின் நகல். சர்வரில் உள்ள 'அனுப்பியவை' ஃபோல்டர் காலியாக இருந்தது. கடிதங்கள் தொலையவில்லை, வீட்டு அடைவுக்குள் மெயில் என்ற அடைவில், எம்பாக்ஸ் வடிவில் ஒரே கோப்பாகக் குவிந்து கிடந்தன.

மட்டில் பெட்டியின் பெயருக்கு முன் வரும் சமக்குறி 'ஃபோல்டர் மாறியில் உள்ள இடம்' என்பதன் சுருக்கம். மட்டில் அது விரிவது மாறியைப் பயன்படுத்தும்போது அல்ல, மாறிக்கு மதிப்புக் கொடுக்கும் அந்தக் கணத்தில். மேலே உள்ள கோப்பில், நகல் சேரும் இடத்தைச் சொல்லும் ரெக்கார்ட் வரி ஃபோல்டர் வரிக்கு முன்னால் இருக்கிறது. அந்தக் கணத்தில் ஃபோல்டர் மாறியின் மதிப்பு அதன் இயல்பு மதிப்பான வீட்டு அடைவின் மெயில் அடைவு. அந்த அடைவு கணினியில் ஏற்கெனவே இருந்ததால் பிழைச் செய்திகூட வரவில்லை. சத்தமில்லாமல் அங்கேயே எழுதிக்கொண்டிருந்தது. 'செட் ?ரெக்கார்ட்' என்று கேட்டபோது சமக்குறிக்குப் பதில் டில்டு குறியோடு தொடங்கும் பாதை வந்தது. உள்ளூர் வட்டில் எழுதுகிறது என்பதற்கு அதுவே போதுமான சான்று.

ரெக்கார்ட் வரியை ஃபோல்டர் வரிக்குக் கீழே இறக்கியதும் வீட்டுக் கடிதங்களின் நகல் சரியாகச் சேர்ந்தது. ஆனால் அலுவலகக் கடிதங்களின் நகலும் வீட்டுக் கணக்கிலேயே சேர்ந்தது. காரணம் அதேதான். அலுவலக ஹூக் ஃபோல்டர் மாறியை மாற்றுகிறது. ரெக்கார்ட் மாறியோ தொடக்கத்திலேயே வீட்டுச் சர்வரின் முழு முகவரியாக விரிந்து உறைந்துவிட்டது. சமக்குறி போட்டு எழுதியிருப்பதால் அது ஃபோல்டரைப் பின்தொடரும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. பின்தொடராது. போஸ்ட்போன்ட், டிராஷ் முதலிய பாதை மாறிகளுக்கும் இதே விதி. அலுவலகக் கடிதங்களின் நகல் தனியார் கணக்கில் சேர்வதைப் பல நிறுவனங்களின் விதிகள் அனுமதிப்பதில்லை என்பதால், நான்கு கோளாறுகளில் இதுதான் கனமானது.

குழப்பத்தைக் கூட்டுவது ஒன்று உண்டு. கடிதத்தை வேறு பெட்டிக்கு நகர்த்தும்போது திரையில் நாம் தட்டச்சு செய்யும் சமக்குறி, அந்த நேரத்து ஃபோல்டர் மதிப்பைக்கொண்டே விரியும். அதைப் பார்த்துப் பழகியவர்கள் கோப்பில் உள்ளதும் அப்படியே நடந்துகொள்ளும் என்று நம்பிவிடுகிறார்கள்.

மெயில்பாக்சஸ் கட்டளையும் ஓடும் கணத்திலேயே பெயர்களை விரித்துக்கொள்ளும். அதனால் இரண்டு கணக்கின் பெட்டிகளையும் ஒரே பட்டியலில் வைக்கும்போது சுருக்கம் வேண்டாம். இமேப்ஸ் என்று தொடங்கும் முழு முகவரியை எழுதிவிடுங்கள். வரி நீளும், ஆனால் வரிசை மாறினாலும் உடையாது.

நகல் விஷயத்தில் இன்னொன்று. ஜிமெயில் போன்ற சில சேவைகள் எஸ்எம்டிபி வழியாக வரும் கடிதத்தின் நகலைத் தாமே சேமித்துக்கொள்ளும். அங்கே மட் செயலியும் இன்னொரு நகல் எழுதினால் ஒவ்வொரு கடிதமும் இரண்டாகத் தெரியும். அந்தக் கணக்கில் காப்பி மாறியை நோ ஆக்கினால் போதும். அதோடு மற்றக் கணக்கில் அதை யெஸ் ஆக்கும் வரியும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜிமெயில் பெட்டியை ஒருமுறை எட்டிப் பார்த்த பிறகு எந்தக் கணக்கிலும் நகல் சேராது.

வடிவம் எதனோடு பொருந்துகிறது

அலுவலக ஹூக்கின் வடிவம் 'ஆபீஸ்' என்ற ஒற்றைச் சொல். அது பெட்டியின் முழு முகவரியோடு பொருத்திப் பார்க்கப்படும். முகவரியில் எந்த இடத்தில் அந்தச் சொல் வந்தாலும் பொருந்தும். வீட்டுக் கணக்கில் 'ஆபீஸ்-ரசீது' என்றொரு ஃபோல்டர் இருந்தது. அதைத் திறந்தாலே அலுவலக ஹூக் ஓடியது. 'எப்போதாவது, காரணமே இல்லாமல்' என்று வரும் புகார்களில் பலவற்றுக்கு இப்படி ஒரு ஃபோல்டர் பெயர் காரணமாக இருக்கும்.

சர்வரின் முழுப் பெயரை வைத்துப் பொருத்துவதே நிலையானது: 'இமேப்\.ஆபீஸ்\.எக்சாம்பிள்'. பயனர்பெயரைச் சேர்த்துப் பொருத்த வேண்டாம். முகவரியில் அது எழுதப்பட்டிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். புள்ளிக்கு முன் உள்ள பின்சாய்கோடு பிழைக்க வேண்டுமானால் வடிவத்தை ஒற்றை மேற்கோளுக்குள் வைக்க வேண்டும். இரட்டை மேற்கோளிலும் மேற்கோளே இல்லாத இடத்திலும் மட் பின்சாய்கோட்டைத் தின்றுவிடும். மிஞ்சும் புள்ளி 'ஏதேனும் ஓர் எழுத்து' என்றாகிவிடும்.

கடவுச்சொல்லும் மேற்கோளும்

இமேப்_பாஸ் மாறி முதன்மைக் கோப்பில் பொதுவாக எழுதப்பட்டிருந்தது. மட்டுக்கு அது 'இந்தச் சர்வரின் கடவுச்சொல்' அல்ல, 'இமேப் கடவுச்சொல்'. எந்த இமேப் சர்வரோடு இணைந்தாலும் அதையே நீட்டும். அதாவது வீட்டுக் கடவுச்சொல் அலுவலகச் சர்வருக்குப் போகிறது, சர்வர் மறுக்கிறது. தவறான முயற்சிகளை எண்ணிக் கணக்கைப் பூட்டும் சர்வர் என்றால் கணக்கே பூட்டிக்கொள்ளும்.

இதற்கென்றே இருப்பது அக்கவுண்ட்-ஹூக். சர்வரோடு இணையும் முன் அது ஓடும். முதலில் பொது ஹூக், பிறகு ஒவ்வொரு சர்வருக்கும் ஒன்று:

அக்கவுண்ட்-ஹூக் . 'அன்செட் இமேப்_யூசர் இமேப்_பாஸ்'
அக்கவுண்ட்-ஹூக் 'இமேப்\.வீடு\.எக்சாம்பிள்' 'சோர்ஸ் ~/.மட்/சாவி-வீடு'
அக்கவுண்ட்-ஹூக் 'இமேப்\.ஆபீஸ்\.எக்சாம்பிள்' 'சோர்ஸ் ~/.மட்/சாவி-ஆபீஸ்'

சாவிக் கோப்புகளுக்கு 600 அனுமதி (உரியவர் மட்டும் படிக்கவும் எழுதவும்). கடவுச்சொல்லை அப்படியே எழுதாமல் ஜிபிஜி என்ற குறியாக்க நிரலால் பூட்டிய கோப்பிலிருந்து எடுப்பது மேல். மட் கோப்பில் சாய்மேற்கோளுக்குள் (` குறி) ஒரு கட்டளையை வைத்தால் அதன் வெளியீடு அந்த இடத்தில் வந்து நிற்கும். வெளியீட்டின் முதல் வரி மட்டும்.

மேற்கோள்களில் தடுமாறாதவர் குறைவு. விதிகள் சிலவே. மேற்கோள் இல்லாத மதிப்பில் # வந்தால் அங்கிருந்து குறிப்புரை, அரைப்புள்ளி (;) வந்தால் அங்கே கட்டளை முடிந்தது. சொல்லின் நடுவில் வந்தாலும் அப்படித்தான். '#' உள்ள கடவுச்சொல்லை மேற்கோளின்றி எழுதினால் பாதிதான் சர்வருக்குப் போகும். மட் எந்தப் பிழையும் சொல்லாது, 'உள்நுழைவு தோல்வி' என்று மட்டும் வரும். இடைவெளி வந்தால் சத்தமாகவே உடையும். கூகுள் தரும் 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல் நான்கு நான்காகப் பிரித்துக் காட்டப்படும். அதை இடைவெளியோடு ஒட்டினால் இரண்டாவது துண்டை இன்னொரு மாறியின் பெயராக எடுத்துக்கொண்டு 'அறியாத மாறி' என்று மட் முறையிடும். இரட்டை மேற்கோளுக்குள் $ குறி மாறியாக விரியும், பின்சாய்கோடு விழுங்கப்படும், சாய்மேற்கோள் ஓடும். ஒற்றை மேற்கோளுக்குள் இவை எதுவும் நடக்காது; கையால் எழுதும் கடவுச்சொல்லுக்கு அதுவே இடம்.

சாய்மேற்கோளைப் பயன்படுத்தும்போது மட்டும் இரட்டை மேற்கோள் கட்டாயம். இரட்டை மேற்கோளுக்குள் இருந்தால் கட்டளையின் வெளியீடு அப்படியே மதிப்பில் சேரும். வெளியே இருந்தால் வெளியீட்டை மட் மறுபடி அமைவு வரியாகப் படிக்கும். பழைய # சிக்கல் திரும்பி வரும். ஹூக்கின் கட்டளையை இரட்டை மேற்கோளில் எழுதி அதற்குள் சாய்மேற்கோள் வைத்தாலும் இதே கதி: ஜிபிஜி தொடக்கத்திலேயே ஓடி, கிடைத்த கடவுச்சொல் ஹூக்கின் வரியாகப் பதிந்து, ஹூக் ஓடும்போது இன்னொரு முறை படிக்கப்படும். மேலே உள்ளதுபோல் ஹூக்கில் சோர்ஸ் மட்டும் வைத்து, நுணுக்கமான வரியைத் தனிக் கோப்பில் வைத்தால் மேற்கோளுக்குள் மேற்கோள் என்ற தலைவலியே இல்லை.

வெளியே அனுப்பும் சர்வர்

எஸ்எம்டிபி_யூஆர்எல் மாறியும் கணக்கோடு மாற வேண்டியதே. மூலக் கோப்பில் வீட்டுச் சர்வர் மட்டும்தான் இருந்தது. அலுவலக முகவரியோடு வீட்டுச் சர்வர் வழியாகப் போகும் கடிதத்தைச் சர்வர் உடனே மறுத்தால் நல்லது; அப்போதே தெரிந்துவிடும். ஏற்றுக்கொண்டு அனுப்பிவிட்டால்தான் தொல்லை. பெறும் பக்கத்தில், அனுப்புநர் முகவரி போலியா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிமார்க் சோதனைகளில் அனுப்பிய சர்வரும் ஃப்ரம் முகவரியின் டொமைனும் ஒத்துப்போகாது. கடிதம் குப்பை ஃபோல்டருக்குப் போகும், அனுப்பியவருக்குத் தகவலே வராது. அனுப்பும் திரையில் ஃப்ரம் தெரியும், நகல் சேரும் இடம் தெரியும். எஸ்எம்டிபி சர்வர் தெரியாது. அதனால் இதைக் கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

மட்டின் எஸ்எம்டிபியை விட்டுவிட்டு எம்எஸ்எம்டிபி நிரலிடம் அனுப்பும் வேலையைக் கொடுப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. யூஸ்_என்வலப்_ஃப்ரம் மாறியை இயக்கினால் மட் அனுப்புநர் முகவரியை அதனிடம் கொடுக்கும். எம்எஸ்எம்டிபி அந்த முகவரி உள்ள கணக்கைத் தானே தேர்ந்துகொள்ளும். மூன்று நான்கு கணக்குகள் இருந்தால் இதுதான் எங்கள் பரிந்துரை.

கடைசி வடிவம்

ஒரே கோப்பை மூன்றாகப் பிரித்தார்கள். முதன்மைக் கோப்பில் இந்த வரிசை: 'அன்ஹூக் *', கணக்கைச் சாராத பொது அமைவுகள், பிறகு 'வீடு' கோப்பை ஒருமுறை நேரடியாக சோர்ஸ் செய்வது, முழு முகவரிகளோடு மெயில்பாக்சஸ், அக்கவுண்ட்-ஹூக்குகள், கடைசியில் இரண்டே ஃபோல்டர்-ஹூக்குகள்:

ஃபோல்டர்-ஹூக் . 'சோர்ஸ் ~/.மட்/வீடு'
ஃபோல்டர்-ஹூக் 'இமேப்\.ஆபீஸ்\.எக்சாம்பிள்' 'சோர்ஸ் ~/.மட்/ஆபீஸ்'

அலுவலகப் பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வீட்டுக் கோப்பு ஓடி, அதன் மேல் அலுவலகக் கோப்பு ஓடும். இரட்டை வேலைபோலத் தோன்றினாலும் பத்துப் பதினைந்து செட் வரிகளுக்கு நேரமே ஆகாது. உள்ளூர் வட்டில் இருக்கும் பழைய கடிதத் தொகுப்பைத் திறந்தாலும் பொது ஹூக் ஓடுவதால், அங்கிருந்து எழுதும் கடிதம் வீட்டு முகவரியில்தான் போகும்.

கணக்குக் கோப்பு ஒவ்வொன்றிலும் ஃபோல்டர் முதலில். பிறகு ஸ்பூல்ஃபைல், ரெக்கார்ட், போஸ்ட்போன்ட், காப்பி, ஃப்ரம், ரியல்நேம், சிக்னேச்சர், எஸ்எம்டிபி_யூஆர்எல். இரண்டு கோப்பிலும் அதே மாறிகள், அதே வரிசையில். ஒரு கணக்குக்குத் தேவையில்லாத மாறிக்கும் மதிப்புக் கொடுத்தே ஆக வேண்டும். இதைக் கண்ணால் சரிபார்க்க வேண்டியதில்லை: கட் கட்டளையால் இரண்டு கோப்பிலும் முதல் சமக்குறிக்கு முன்னுள்ள பகுதியை மட்டும் எடுத்து, டிஃப் கட்டளையிடம் கொடுத்தால் போதும். எதுவும் காட்டாவிட்டால் இரண்டும் ஒத்திருக்கின்றன. பின்னால் ஒரு கோப்பில் மட்டும் புது மாறி சேர்க்கும்போதும் இந்தச் சோதனை பிடித்துவிடும்.

சரிபார்த்த வரிசை: மட்டைப் புதிதாகத் திறந்து வீட்டுப் பெட்டியில் ஒரு பதில், அலுவலகப் பெட்டியில் ஒரு பதில், திரும்ப வீட்டுப் பெட்டியில் ஒரு பதில், 'ஆபீஸ்-ரசீது' ஃபோல்டரில் ஒன்று, உள்ளூர்த் தொகுப்பில் புதுக் கடிதம் ஒன்று. ஒவ்வொன்றிலும் அனுப்பும் திரையில் ஃப்ரமும் நகல் இடமும் பார்த்து, 'செட் ?எஸ்எம்டிபி_யூஆர்எல்' கேட்டு, கடிதத்தை அனுப்பாமலே கைவிடலாம். மூன்றாவது படியை விட்டுவிட்டால் சோதனைக்குப் பொருளே இல்லை. மூலக் கோளாறு அங்கேதான் தெரிந்தது. மட்டை வெளியிலிருந்து பெரிய க்யூ விருப்பத்தால் மாறி மதிப்பைக் கேட்கும் வழியும் உண்டு. ஆனால் அப்போது பெட்டி எதுவும் திறக்காது, ஃபோல்டர்-ஹூக் எதுவும் ஓடியிருக்காது. அது காட்டுவது முதன்மைக் கோப்பு மட்டும் தரும் மதிப்பு.

இணைப்பே கிடைக்காத கோளாறு என்றால் சிறிய டி விருப்பத்தோடு 2 கொடுத்துத் திறந்தால், வீட்டு அடைவில் .மட்டீபக்0 என்ற (புள்ளியில் தொடங்கும்) கோப்பில் பதிவு எழுதப்படும். பிழைதிருத்த வசதியோடு தொகுக்கப்பட்ட மட்டாக இருக்க வேண்டும், சிறிய வி விருப்பம் அதைச் சொல்லும். அந்தப் பதிவைப் பிறருக்கு அனுப்பும் முன் ஒருமுறை முழுதும் படித்துவிடுங்கள். உள்நுழைவு விவரங்கள் அதில் இருக்கக்கூடும்.

தமிழ்த் தலைப்புகள் கேள்விக்குறிகளாகத் தெரிவது இந்தப் பயனரின் இன்னொரு புகார். எஸ்எஸ்எச் வழியாக நுழைந்த கணினியில் மட்டும் அப்படி வந்தது. யாரோ சொன்னதை வைத்து சார்செட் மாறியை யுடிஎஃப்-8 என்று எழுதியிருந்தார்கள், அதை எடுத்துவிடலாம். மட் தன் எழுத்துக்குறியை லொக்கேலிலிருந்து (கணினியின் மொழி, எழுத்துக்குறி அமைவு) தானே அறியும், அந்த மாறியில் கைவைக்க வேண்டிய தேவை மிக அரிது. லொக்கேல் கட்டளை 'சி' என்று காட்டினால் திருத்த வேண்டிய இடம் ஷெல்லின் லாங் மாறி, மட்ஆர்சி அல்ல. உயிர்மெய்க் குறிகளால் பட்டியலின் நெடுவரிசைகள் கோணலாகத் தெரிவது வேறு விஷயம்: எழுத்தின் அகலத்தை மட் ஒருவிதமாகவும் டெர்மினல் வேறுவிதமாகவும் எண்ணுவதால் வருவது. டெர்மினலை மாற்றிப் பார்ப்பதுதான் வழி.

மிச்சமிருந்தது ஸ்கிரிப்ட்கள். பெறுநர் முகவரியைக் கட்டளை வரியிலேயே கொடுத்து மட்டை அழைத்தால் பெட்டி எதுவும் திறக்காமல் கடிதம் போகும், ஃபோல்டர்-ஹூக் ஓடாது. முதன்மைக் கோப்பில் 'வீடு' நேரடியாக சோர்ஸ் செய்யப்பட்டிருப்பதற்கு இதுவும் காரணம்: அது இல்லாவிட்டால் அத்தகைய கடிதத்துக்கு ஃப்ரமும் இருக்காது, எஸ்எம்டிபியும் இருக்காது. கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் வசதி) ஓடும் அலுவலக அறிக்கை அலுவலக முகவரியில் போக வேண்டுமென்றால் சிறிய ஈ விருப்பத்தோடு 'சோர்ஸ் ~/.மட்/ஆபீஸ்' கொடுங்கள், அமைவுக் கோப்பு முழுதும் படித்து முடித்த பிறகே அந்தக் கட்டளை ஓடும். கிரானில் ஜிபிஜி கடவுச்சொற்றொடரைக் கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது என்பதால், அந்த வேலைக்கென்று அனுப்பும் உரிமை மட்டும் உள்ள தனிக் கடவுச்சொல் சர்வரில் கிடைக்குமானால் அதை வாங்கி வைப்பது நல்லது.